பழைய தட்டுகளில் சிவப்பு வெள்ளி தேடுதல்: வன்னியில் இருந்து தொடங்குவோருக்கு

ஐப்பசி பிறந்தால் வன்னியில் வானம் மூடிவிடும். மார்கழி முடியும் வரை தொலைநோக்கியை உறையை விட்டு வெளியே எடுக்க வாய்ப்பு அரிது. இந்த வேலைக்கு அது ஒரு தடையே அல்ல. நமக்குத் தேவையான வானத்தை 1949 முதல் வேறு ஆட்கள் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பின்னர் அவற்றை ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாக எடுக்கும்படி இணையத்தில் திறந்தும் விட்டிருக்கிறார்கள். மல்லாவியில் இருந்தாலும் ஒட்டுசுட்டானில் இருந்தாலும், சாதாரண மடிக்கணினி ஒன்றும் கைபேசி டேட்டாவும் இருந்தால் நீண்டகால மாறும் விண்மீன்களைத் தேடத் தொடங்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய விண்மீன் கண்டுபிடித்துப் பெயர் வாங்கும் நினைப்பில் வருபவர்கள் விரைவில் சலித்துப் போவார்கள். விண்மீன்களின் இடத்தையும் பிரகாசத்தையும் அளந்த ஐரோப்பாவின் கையா விண்கலத்தின் 2022 ஆம் ஆண்டு வெளியீட்டில் மட்டும் நீண்டகால மாறிகளாகக் கருதக்கூடியவை 17 இலட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. தானியங்கித் தொலைநோக்கிகள் ஒவ்வோர் இரவும் வானத்தை வாரிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் பழைய தட்டு எதற்கு? இரண்டு கேள்விகளுக்காக. மாறுவது சரியாக எந்த விண்மீன்? ஐம்பது, நூறு வருடங்களுக்கு முன் அது எப்படி இருந்தது? புதிய கருவிகள் பல இடங்களில் இவற்றுக்குப் பதில் சொல்வதில்லை. நமக்கான இடம் அங்கேதான்.

எதைத் தேடுகிறோம்

நீண்டகால மாறி என்பது வயது முதிர்ந்து ஊதிப்போன ஒரு சிவப்பு அரக்கன். மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 3000 கெல்வின். அது மெதுவாக விரிந்து சுருங்கும். ஒரு சுற்றுக்கு மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் எடுக்கும். குளிர்ந்திருக்கும் நேரத்தில் அதன் வளியில் உருவாகும் தைத்தானியம் ஒட்சைட்டு மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடும். அதனால் மொத்தச் சக்தி ஏறத்தாழ ஒரு பருமன் அளவே குறைந்தாலும், கண்ணுக்கு ஆறு ஏழு பருமன் மங்கிப் போனதாகத் தெரியும். பருமன் எண் சிறிதானால் விண்மீன் பிரகாசம். ஐந்து பருமன் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு.

இந்தக் கூட்டத்தின் தலைவி மீரா. 1596 இல் டேவிட் ஃபப்ரீசியஸ் அதைக் கண்டார். 1638 இல் யோகன்னஸ் ஹோல்வார்டா அது பதினொரு மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் கணித்தார். இன்று நாம் கொள்ளும் காலம், அதாவது ஒரு சுற்றின் நீளம், ஏறத்தாழ 332 நாள். கண்ணால் பார்க்கும் ஒளியில் 2.5 பருமனுக்கு மேல் ஏறி இறங்கி, 80 முதல் 1000 நாள் வரை காலம் உள்ளவற்றை மீரா வகை என்பார்கள். வீச்சு அதைவிடக் குறைந்தால், அல்லது ஒழுங்கு இடையிடையே குலைந்தால், அரை ஒழுங்கு மாறி. நம்மவர் ஆருத்திரா தரிசனத்தன்று நினைக்கும் திருவாதிரையும் ஒரு அரை ஒழுங்கு மாறிதான். 2019 இன் கடைசியில் தொடங்கி 2020 பெப்ரவரி வரை அது மங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் திருவாதிரையும் மீராவும் தட்டில் பார்க்க உதவாதவை. அவ்வளவு பிரகாசமான விண்மீன் தட்டை எரித்து, சிலுவை போட்ட பெரிய கறுப்பு வட்டமாக நிற்கும். அந்த வட்டத்தில் எதையும் அளக்க முடியாது.

தட்டுகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

கலிபோர்னியாவில் பாலோமர் மலையில் உள்ள 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி 1949 முதல் 1958 வரை எடுத்தது முதலாவது பாலோமர் அளவாய்வு. ஒவ்வொரு தட்டும் 14 அங்குலச் சதுரம். வானத்தில் ஆறரைப் பாகை அகலம். ஒவ்வொரு பகுதியையும் நீலத்தில் ஒரு தட்டு, சிவப்பில் ஒரு தட்டு என இரண்டு முறை எடுத்தார்கள். 1980களின் நடுவில் அதே தொலைநோக்கியில் இரண்டாவது அளவாய்வு தொடங்கியது. நீலம், சிவப்பு ஆகியவற்றுடன் அகச்சிவப்புக்கு அண்மையான மூன்றாவது தட்டும் சேர்ந்தது. தென்வானத்தை அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள பிரித்தானிய ஷ்மிட் தொலைநோக்கி 1973 முதல் எடுத்தது. இவை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் களஞ்சியம்தான் இலக்கமுறை வான் அளவாய்வு. ஹபிள் தொலைநோக்கிக்கு வழிகாட்டும் விண்மீன்களின் பட்டியல் தயாரிக்கத் தொடங்கிய வேலை அது. அமெரிக்காவின் விண்வெளித் தொலைநோக்கி நிறுவனத்தின் தளத்தில் ஆள்கூறு கொடுத்தால் படம் வரும்.

நினைவில் நிறுத்த வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. முதலாவது பாலோமர் அளவாய்வில் நீலத் தட்டும் சிவப்புத் தட்டும் ஒரே இரவில், ஒன்றன் பின் ஒன்றாக எடுக்கப்பட்டவை. எனவே அந்த இரண்டையும் ஒப்பிட்டால் கிடைப்பது விண்மீனின் உண்மையான நிறம். இரண்டாவது அளவாய்வில் அப்படி இல்லை. நீலம் ஒரு வருடம், சிவப்பு இன்னொரு வருடம் என்று இருக்கும். அவற்றை ஒப்பிட்டால் நிறம் எது, மாற்றம் எது என்று பிரிக்க முடியாது.

தேவையானவை

பெரிய பட்டியல் இல்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையம் இலவசமாகத் தரும் அலாடின் என்ற மென்பொருள். ஜாவாவில் ஓடுவதால் பழைய மடிக்கணினியிலும் வேலை செய்யும். குறிப்பு எழுத ஒரு சீ.ஆர். கொப்பி.

டேட்டா பற்றிக் கவலைப்படுபவர்களுக்குக் கணக்கு இது. 15 வில்நிமிடம் (ஒரு பாகையில் 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்தில் 60 வில்செக்கன்) அகலமான ஒரு துண்டு, முதல் தலைமுறை ஸ்கேனில் அரை எம்பி அளவு, இரண்டாம் தலைமுறையில் ஒன்றரை எம்பி அளவு. ஒரு பாகை அகலத்தை ஒரே தடவையில் கேட்டால் 25 எம்பி போகும். சிறு துண்டுகளாக இறக்குவதே நல்லது. கண்ணுக்கும் அதுதான் சுகம். இறக்கும்போது வெறும் படமாக எடுக்காமல், வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் கோப்பாக எடுங்கள். எந்தத் தட்டு, எந்தத் திகதி என்ற விபரம் அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். திகதி இல்லாத படம் இந்த வேலைக்கு உதவாது.

முதலில் தெரிந்ததில் கை பழகுங்கள்

எடுத்தவுடன் புதிய இடத்துக்குப் போகாதீர்கள். அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம் 1911 முதல் இயங்குகிறது. அதன் பன்னாட்டு மாறிகள் சுட்டியை விஎஸ்எக்ஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். அதில் மீரா வகை என்று பதிந்து, உச்சத்திலும் 13 ஆம் பருமனைவிடப் பிரகாசமாகாத, தாழ்வில் 17 ஐவிட மங்கிப் போகிற பத்துப் பன்னிரண்டு விண்மீன்களைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலாவது அளவாய்வின் சிவப்பையும் இரண்டாவதின் சிவப்பையும் இறக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். சிலவற்றில் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். சிலவற்றில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் இரண்டு இரவிலும் அந்த விண்மீன் தற்செயலாக ஒரே நிலையில் இருந்திருக்கும். இந்த இரண்டாவது வகையையும் கவனமாகப் பாருங்கள். இரண்டு தட்டில் மாறாதது மாறாத விண்மீன் என்று எழுதிவிடக் கூடாது என்பது அங்கேதான் உறைக்கும்.

பகுதியைத் தெரிவு செய்தல்

வான நடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகைக்கும் தெற்கே 20 பாகைக்கும் இடையில் தொடங்குங்கள். இந்தப் பட்டிக்குப் பழைய சிவப்புத் தட்டும் உண்டு, பிந்திய சிவப்புத் தட்டும் உண்டு. இடைவெளி பல பத்தாண்டுகள். இன்னும் தெற்கே 30 பாகையைத் தாண்டினால் ஐம்பதுகளின் பாலோமர் தட்டு கிடைக்காது.

பால்வழியின் நடுவிலேயே போய் விழவும் வேண்டாம். தனுசு, விருச்சிகம் பக்கம் மீராக்கள் குவிந்து கிடப்பது உண்மை. ஆனால் அங்கே விண்மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டில் மை கொட்டியது போலத்தான் தெரியும். கேட்டைக்கு வடக்கே தூசி முகில்கள் வேறு. அங்கே மாறுபவற்றில் பல இளம் விண்மீன்கள், நாம் தேடும் முதியவை அல்ல. திருவாதிரை, சீரியஸ், புரோசியன் மூன்றும் அமைக்கும் முக்கோணத்தில், புரோசியனை ஒட்டிய மேற்குப் பக்கம் தொடக்கத்துக்கு நல்ல இடம். பால்வழியின் ஓரம் அது. விண்மீன்கள் போதுமான அளவு உண்டு, நெரிசல் இல்லை. மீராக்கள் அடிக்கடி அகப்படாது. கண்ணும் கையும் பழகுவதற்குத்தான் அந்த இடம்.

இறக்கி, பொருத்தி, சிமிட்டிப் பார்த்தல்

அலாடினில் ஒரே ஆள்கூறுக்கு இரண்டு சிவப்புத் துண்டுகளையும் திறந்து, பக்கத்தில் உள்ள கருவிப்பட்டையில் சிமிட்டும் வசதியை அழுத்துங்கள். இரண்டு படங்களையும் ஆள்கூற்றின்படி பொருத்தி, ஒன்று மாறி ஒன்றாகக் காட்டும். ஞாயிறு பத்திரிகையில் வரும் ‘ஆறு வித்தியாசம் கண்டுபிடி’ விளையாட்டேதான், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது மட்டும் வேறு. 1930 இல் கிளைட் டோம்பா புளூட்டோவைப் பிடித்ததும் இதே முறையில். அவரிடம் கணினி இல்லை, கண்ணாடித் தட்டுகளை மாற்றிக் காட்டும் ஓர் இயந்திரம் இருந்தது.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு விண்மீன்களாக, அதாவது நெகட்டிவ்வாக வைத்துப் பாருங்கள். கண் களைக்காது, மங்கலானவையும் தெரியும். இரண்டு படத்தின் கறுப்பு வெளுப்பையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு படத்துக்கு அரைச் செக்கன் அளவு வேகம் எனக்குச் சரிவருகிறது. துண்டை மனதில் நான்கு வரிசையாகப் பிரித்து, இடமிருந்து வலமாக ஒரு வரிசை, பிறகு அடுத்தது என்று நகருங்கள். கண் போன போக்கில் விட்டால் பிரகாசமான விண்மீன்களிலேயே போய் நிற்கும்.

முதல் தலைமுறை ஸ்கேனில் ஒரு பிக்சல் 1.7 வில்செக்கன், இரண்டாவதில் 1.0. அதனால் சிமிட்டும்போது எல்லா விண்மீனும் சற்றுப் பருத்துச் சிறுக்கும். அது மாற்றம் அல்ல. ஓர் இடத்தில் ஐந்து விண்மீனைச் சேர்த்துப் பாருங்கள். நான்கு ஒரே விதமாகத் துடிக்க, ஒன்று மட்டும் தன்பாட்டுக்கு வீங்கினால் அல்லது காணாமல் போனால், உடனே கொப்பியில் ஆள்கூற்றை எழுதுங்கள். தட்டில் பிரகாசமான விண்மீனுக்குப் பெரிய புள்ளி, மங்கலானதற்குச் சிறிய புள்ளி. புள்ளியின் அகலத்தில் நடப்பதுதான் நமக்குச் செய்தி.

பிள்ளைகளோடு இருந்து இதைச் செய்யும்போது அடிக்கடி நடக்கிற உரையாடல் இது:

“சேர், இஞ்ச ஒருக்காப் பாருங்கோ. இந்த வெள்ளி அந்தப் படத்தில வடிவாத் தெரியுது, இதில துண்டற இல்லை.”

“ரெண்டும் சிவப்புத் தட்டோ பிள்ளை?”

“ஓம் சேர்... பொறுங்கோ. முதலாவது சிவப்பு. மற்றது நீலம்.”

சிவப்பு விண்மீன் நீலத் தட்டில் மங்கித்தான் தெரியும், சிலது தெரியவே தெரியாது. நீலத்தைச் சிவப்போடு ஒப்பிட்டால் வானத்தில் உள்ள சிவப்பு விண்மீன் அத்தனையும் ‘மாறும்’. ஆனால் அந்தப் பிள்ளையின் உழைப்பு வீண்போகவில்லை. சிவப்பில் பெரிதாகவும் அதே இரவின் நீலத்தில் மங்கலாகவும் இருப்பது நல்ல சிவப்பு என்று பொருள். அதைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, சரியான இணைத் தட்டுக்குப் போகலாம்.

ஏமாற்றுபவை

அகப்படுவதில் பெரும்பாலானவை போலிகள். தட்டின் பூச்சில் உள்ள கீறல், தூசி, வேதிக் கறை ஆகியவை முதல் வரிசை. உண்மையான விண்மீனின் விளிம்பு மெல்ல மங்கி முடியும். தூசியின் விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். ஒரு தட்டில் மட்டும் இருக்கிறது என்றால் அதே இரவின் மற்ற நிறத் தட்டையும் பாருங்கள், பிறகு அகச்சிவப்புத் தட்டையும் பாருங்கள். நீண்டகால மாறி அகச்சிவப்புத் தட்டில் நிச்சயம் நிற்கும், அதுவும் நன்றாகப் பெரிதாக. அங்கேயும் இல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

சிறுகோள்கள் பற்றிப் பலரும் கேட்பார்கள். சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் இருக்கும் சாதாரண சிறுகோள் நிமிடத்துக்கு அரை வில்செக்கன் அளவு நகரும். பழைய சிவப்புத் தட்டை முக்கால் மணித்தியாலம் அளவுக்குத் திறந்து வைத்து எடுத்ததால் அது இருபது வில்செக்கன் நீளமான கோடாகத் தெரியும். குழப்பம் குறைவு. அதைவிடக் குழப்புவது வேகமாக நகரும் கிட்டிய விண்மீன். நாற்பது வருடத்தில் அது பக்கத்துக்குத் தள்ளிப் போயிருக்கும். சிமிட்டும்போது ஓரிடத்தில் மறைந்து அருகில் முளைக்கும். ஒரு மறைவு, அருகிலேயே ஒரு தோற்றம் என்றால் நகர்வுதான். பிரகாசமான விண்மீன்களைச் சுற்றிய வளையமும் தட்டின் ஓரமும் நம்பத்தகாத இடங்கள். அங்கே அகப்படுவதை விட்டுவிட்டு நடப்பது நேரத்துக்கு இலாபம்.

நிறத்தால் வடிகட்டுதல்

தப்பி நிற்பவற்றுக்கு 2மாஸ் அளவாய்வின் எண்களை எடுங்கள். 1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் அகச்சிவப்பில் ஜே, எச், கே என்ற மூன்று பட்டிகளில் (அலைநீள எல்லைகளில்) அளந்தது அது. அலாடினுக்குள்ளேயே அந்தப் பட்டியலைப் படத்தின் மேல் விரிக்கலாம். ஜே இலிருந்து கே ஐக் கழியுங்கள். சூரியன் போன்ற விண்மீனுக்கு 0.4 அளவில் வரும். சிறிய சிவப்புக் குள்ளன்கள் 0.9 அளவோடு நின்றுவிடும். 1.2 ஐத் தாண்டினால் நம் ஆள் என்று நம்பிக்கை கொள்ளலாம். 2 ஐ நெருங்கினால் கார்பன் விண்மீனாக இருக்கலாம். தூரத்துக் குவாசார்களும் (பால்வழி போன்ற தொலைதூரத் தொகுதிகளின் பிரகாசமான மையங்கள்) இந்தப் பக்கம் வரும், ஆனால் அவை நீலத் தட்டில் தாராளமாகத் தெரியும். கையாவின் இடமாறு எண்ணையும் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதாகத் தெரியும் அளவு) பார்த்துவிடுங்கள். அரக்கன் தூரத்தில் இருப்பவன், அவனுக்கு அது மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

கண்ணால் தேடாமல் பட்டியலால் தேடும் வழியும் உண்டு. யுஎஸ்என்ஓ-பி1.0 என்ற பட்டியல் 2003 இல் வந்தது. இதே தட்டுகளை ஸ்கேன் செய்து 100 கோடிக்கு மேற்பட்ட பொருட்களின் பருமனை எடுத்து வைத்தது. அதில் முதலாவது சிவப்பு, இரண்டாவது சிவப்பு என்று தனித்தனி நிரல்கள் உண்டு. இரண்டுக்கும் 1.5 க்கு மேல் வித்தியாசம், 2மாஸ் நிறம் 1.2 க்கு மேல் என்று வடிகட்டினால் ஒரு சதுரப் பாகையில் சிலதே எஞ்சும். அந்தப் பட்டியலின் பருமன்கள் 0.3 அளவு பிழைபடலாம். அதைவிடப் பெரிய பிழைகள், பக்கத்து விண்மீனோடு மாற்றி இணைத்தவை. ஒவ்வொன்றையும் தட்டில் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். விரைவாக வேலை முடியும் என்பதால் இதிலிருந்து தொடங்கத் தோன்றும். என் கருத்து, ஐம்பது துண்டையாவது கண்ணால் பார்த்த பிறகு இதற்கு வாருங்கள். இல்லாவிட்டால் பிழையான வரிசை எப்படி இருக்கும் என்றே தெரியாது.

முன்பே தெரிந்ததா?

ஆள்கூற்றை விஎஸ்எக்ஸில் போடுங்கள். பிறகு ஸ்ட்ராஸ்பூர்க் மையத்தின் விண்பொருள் தரவுத்தளமான சிம்பாட், பிறகு கையாவின் மாறிகள் பட்டியல், பிறகு தானியங்கித் தொலைநோக்கிகளால் வானம் முழுவதையும் தொடர்ந்து படம் பிடிக்கும் அசாசின் அளவாய்வின் பட்டியல். பத்தில் ஒன்பது தடவை யாரோ முன்பே பதிந்திருப்பார்கள். அங்கே நிறுத்திவிட வேண்டாம். பதிந்தது சரியா என்று பாருங்கள். முன்பு சொன்ன முதலாவது கேள்வி இங்கேதான் வருகிறது.

அசாசின் கமராக்களின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 8 வில்செக்கன். ஒளியை அளக்கும் வட்டத்தின் ஆரம் இரண்டு பிக்சல். அந்த வட்டத்துக்குள் மூன்று விண்மீன் இருந்தால் மூன்றின் ஒளியும் ஒன்றாகவே அளக்கப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13.0 பருமனில் மாறாமல் நிற்கும் ஒரு விண்மீன். பக்கத்தில் 10 வில்செக்கன் தள்ளி, உச்சத்தில் 14.0 ஐத் தொட்டு, தாழ்வில் 18 க்கு இறங்கும் ஒரு மீரா. இரண்டும் சேர்ந்தால் உச்சத்தில் 12.64, தாழ்வில் 13.0. நான்கு பருமன் வீச்சு வெறும் 0.36 ஆகச் சுருங்கிவிட்டது. கணினி என்ன எழுதும்? ‘பிரகாசமான விண்மீன், அரை ஒழுங்கு மாறி’ என்று எழுதும். விண்மீனும் பிழை, வகையும் பிழை. பாலோமரின் இரண்டு சிவப்புத் தட்டைச் சிமிட்டிப் பார்க்கும் ஒரு பிள்ளை, பிரகாசமானது அப்படியே நிற்கப் பக்கத்து வெள்ளி மறைவதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். இப்படித் திருத்துவதையும் விஎஸ்எக்ஸ் ஏற்றுக்கொள்கிறது.

ஒளி வளைவும் காலமும்

நாளுக்கு நாள் பருமன் மாறுவதை வரைந்த கோடுதான் ஒளி வளைவு. இரண்டு தட்டு சந்தேகத்தைத்தான் தரும். காலம் வேண்டுமானால் நூற்றுக்கணக்கான இரவுகள் வேண்டும். ஆள்கூறு கொடுத்தால் அசாசின் தளம் 2010களில் இருந்து தொடரும் அளவீடுகளைத் தரும்; 2018 வரை வி பட்டியிலும் (மஞ்சள் பச்சை ஒளி) பிறகு ஜி பட்டியிலும் (நீலப் பச்சை ஒளி) இருக்கும், இரண்டையும் கலக்காதீர்கள். தெற்கே 30 பாகை வரை ஸ்விக்கி அளவாய்வும் உண்டு. 2018 முதல் அது பயன்படுத்துவது பாலோமரின் அதே 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியைத்தான். தட்டு இருந்த இடத்தில் இப்போது கமரா.

திகதிகளை ஜூலியன் நாள் எண்ணாக, அதாவது மாதமும் வருடமும் இல்லாத தொடர் நாள் எண்ணாக, வைத்துக்கொள்ளுங்கள். 2460000 என்ற எண் 2023 பெப்ரவரி 24 இல் வந்தது என்று நினைவில் வைத்தால் மற்றவற்றை மனதாலேயே மட்டுக்கட்டலாம். காலம் காண நோக்குநர் சங்கத்தின் விஸ்டார் மென்பொருள் இலவசம். அளவீடுகளை ஏற்றினால் எந்த மீடிறனில் உச்சம் வருகிறது என்று வரைந்து காட்டும். அதில் வரும் மிக உயர்ந்த உச்சியை அப்படியே எழுதுவதுதான் தொடங்குவோர் எல்லோரும் செய்வது. பொறுங்கள். நாம் தேடும் பட்டியில் எந்த விண்மீனும் வருடத்தில் சில மாதம் சூரியனின் பக்கம் போய்ப் பார்க்க முடியாமல் இருக்கும். அந்த வருடாந்த இடைவெளி போலிக் காலங்களை உண்டாக்கும். உண்மைக் காலம் 300 நாள் என்றால் 165 நாளிலும் ஒரு போலி உச்சி வரும், 1680 நாள் அளவிலும் ஒன்று வரும். ஒவ்வொரு காலத்துக்கும் அளவீடுகளை மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். சரியான காலத்தில் புள்ளிகள் ஒரு மலை போல ஒழுங்காக ஏறி இறங்கும், பல மீராக்களில் ஏற்றம் இறக்கத்தைவிடச் செங்குத்தாக இருக்கும். 365 நாளை ஒட்டிய காலம் வந்தால் இரட்டிப்பாகச் சந்தேகப்படுங்கள்.

பிறகு பழைய தட்டின் திகதியை இந்த வளைவில் பின்னோக்கி வைத்துப் பாருங்கள். 1953 இல் விண்மீன் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லியும் தட்டில் அது மங்கி நின்றால், காலத்தில் சிறு பிழை இருக்கலாம், அல்லது காலமே மாறியிருக்கலாம். ஒரு நாள் பிழை அறுபது எழுபது சுற்றில் இரண்டு மாதத்துக்கு மேலாகிவிடும். காலம் மாறுவதும் கதையல்ல. ஹைட்ரா மண்டலத்தின் ஆர் ஹைட்ரே 1700 அளவில் 495 நாள் காலம் கொண்டிருந்தது. இன்று 385 நாள் அளவுக்கு வந்துவிட்டது. பிரகாசமான மாறிகளுக்கு ஹார்வர்டின் தட்டுகள் இன்னும் பின்னால் கொண்டுபோகும். 1880களில் இருந்து சேர்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் தட்டுகள் அங்கே உண்டு. ஸ்கேன் செய்து எடுத்த அளவீடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. முன்னூறுக்கு மேற்பட்ட மாறிகளை வில்லியமினா ஃபிளெமிங் கண்டது அந்தத் தட்டுகளில்தான்.

தட்டில் பருமன் மதிப்பிடும் முறை எளிது. உங்கள் விண்மீனைவிடச் சற்றுப் பெரிய புள்ளி ஒன்று, சற்றுச் சிறிய புள்ளி ஒன்று. இரண்டின் சிவப்புப் பருமனையும் நோக்குநர் சங்கத்தின் விண்மீன் பருமன் பட்டியலான ஏபாஸில் எடுங்கள். பெரியது 14.2, சிறியது 14.8, உங்களது பெரியதில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி என்றால் 14.4. ஒரே ஒப்பீட்டு விண்மீன்களையே எல்லாத் தட்டுக்கும் வையுங்கள்.

வெளியே வந்து பார்க்க

மாசி தொடங்கி வானம் திறந்தவுடன் பைனாக்குலரில் சில பிரகாசமான மீராக்களைப் பார்த்து வருவது நல்லது. திரையில் ‘காலம் 310 நாள்’ என்று படிப்பதற்கும் சிம்ம ராசியில் ஆர் லியோனிஸ் மாதத்துக்கு மாதம் மங்குவதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆர் ஹைட்ரே நமக்கு 57 பாகை உயரம் வரை ஏறும். ஆர் கரினே தெற்கே 18 பாகை உயரத்தில்தான் வரும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற இடங்களில் குளக்கட்டில் நின்றால் இருட்டும் அகன்ற வானமும் கிடைக்கும். யானை வரும் பாதையா என்று ஊராரிடம் கேட்காமல் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் பகலிலும் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

பதிவு செய்தல்

விஎஸ்எக்ஸில் கணக்கு ஒன்று திறந்து, ஆங்கிலத்தில் படிவம் நிரப்ப வேண்டும். ஆள்கூறு, வகை, உச்ச தாழ்வுப் பருமன், எந்தப் பட்டியில் அளந்தது, காலம், ஓர் உச்சத்தின் ஜூலியன் நாள் ஆகியவை கட்டாயம் கேட்கப்படும். மீரா வகைக்கு உச்சத்தின் நாளைத்தான் கொடுக்க வேண்டும், தாழ்வின் நாளை அல்ல. மடித்த ஒளி வளைவையும், தட்டுத் துண்டில் விண்மீனை அம்புக்குறியால் காட்டிய படத்தையும் இணையுங்கள். நெரிசலான இடமாக இருந்தால் இரண்டு காலத்துத் துண்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்து, தட்டுகளின் திகதியைக் கீழே எழுதுங்கள். சிவப்புத் தட்டில் மதிப்பிட்ட பருமனை வி பட்டி என்று எழுதிவிடாதீர்கள். அது வந்த வழியே திரும்பி வரும்.

சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது இரண்டு: காலத்தின் இரண்டு மடங்கையும் அரை மடங்கையும் சோதித்தீர்களா, ஆள்கூறு கையாவின் எந்தப் பொருளோடு பொருந்துகிறது. இரண்டுக்கும் பதிலைக் கொப்பியில் எழுதி வைத்த பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள்.